உப்புத் தண்ணியும் என்ர செத்த நாக்கும்

எனக்குப் படிப்பு ஏறேல்லை. நாக்காவது ஒழுங்கா இருந்திருக்கலாம். வெத்திலை போட்டுப் போட்டு அதுவும் மரத்துப்போச்சு. இப்பிடிப்பட்ட ஆளுக்குக் கொட்டாஞ்சேனைக் கடையொண்டில தேத்தண்ணி ஊத்திற வேலை. குருடனை வாசலில காவல் வைச்ச கதைதான்.

மனுசிக்கு பிரஷர். கிளினிக்கில டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கேல்லை, உப்புப் போத்தலையே தூக்கிக்கொண்டு போய்க் கடையில வைச்சிட்டன். கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை. அப்பிடியிருந்தும் அடுத்த கிளினிக்கில பிரஷர் இன்னும் ஏறித்தான் நிண்டது.

டொக்டர் என்னைப் பாத்தார். நான் அவளைப் பாத்தன்.

வீட்ட வந்து கேட்டன். "எங்க ஒளிச்சு வைச்சுத் தின்னுறாய்?"

"இஞ்சாருங்கோ, சத்தியமா இல்லை. குழாய்த் தண்ணிதான் உப்புக் கரிக்குது. குடிச்சுப் பாருங்கோவன்."

குடிச்சன். எனக்கென்ன தெரியும்? வெத்திலைதான் மணத்துது. "கள்ளி, தண்ணியில பழி போடுறியா?" எண்டிட்டு அரிசி வாளி, அலுமாரி எல்லாம் கிளறினன். கருவாடு தேடி மனுசியின்ர தலையணையை மணந்து பாத்த ஒரே புருசன் கொழும்பில நானாத்தான் இருப்பன். அவள் அழேல்லை. என்னோட கதைக்கிறதை விட்டிட்டாள்.

கிழமை ரெண்டு போச்சு. கொலன்னாவையில ஆத்தங்கரையில இருக்கிற த்ரீவீல்காரப் பெடியன் ஒருத்தன் கடையில பிளேன்டீயை ஒரு மிடறு குடிச்சிட்டுத் துப்பினான்.

"அய்யே, சீனி விலையெண்டு உப்பையா போட்டீங்க?"

"உப்பும் விலைதான் தம்பி."

"பகிடி விடாதீங்க. மலையில மழை இல்லை, களனியாறு வத்திப்போச்சு. ஆறு தள்ளாட்டிக் கடல் சும்மா நிக்குமா? உள்ளுக்க ஏறி வந்திட்டுது. குழாய்க்குத் தண்ணி எடுக்கிற இடத்துக்குக் கீழ மண்மூட்டை அடுக்கி மறிக்கிறாங்கள். உங்களுக்கு உப்பே தெரியேல்லையா?"

கடையில எல்லாரும் சிரிச்சாங்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வழமையா வாயைத் திறக்கிறது. அண்டைக்கு மூடினன்.

போத்தல் தண்ணி வாங்கிக்கொண்டு வீட்ட ஓடினன். வாசலில பக்கத்து வீட்டு அக்கா நிண்டா. மனுசி குசினியில விழுந்திட்டாளாம், வாய் ஒரு பக்கம் இழுத்திட்டுதாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களாம். தண்ணியாலயோ, நான் கிளறின கிளறலாலயோ, டொக்டர் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

பிறகு மழை வந்துது. முந்தி மாதிரி முறை வைச்சுப் பெய்யிற மழையில்லை, ஒரே கிழமையில எல்லாத்தையும் கொட்டித் தீத்துது. மறிச்ச மூட்டையளை எடுக்க ஓடினாங்கள். அந்தப் பெடியன்ர வீட்டுக்குள்ள இடுப்பளவு வெள்ளம். குழாய்த் தண்ணி நல்லாயிட்டுதாம். அதையும் சனம் சொல்லித்தான் தெரியும்.

வெத்திலையை விட்டிட்டன். இந்த வருசமும் மலை காயுது. நேற்றுக் குழாய்த் தண்ணியை வாயில வைச்சன். உப்பு! ஓடிப்போய் அவளிட்டச் சொன்னன்: "ஓமப்பா, கரிக்குது. நீ சொன்னது சரிதான்."

அவளுக்கு இப்ப பேச்சுக் குழறும். இதை மட்டும் தெளிவாச் சொன்னாள்.

"தலையணையிட்டச் சொல்லுங்கோ."