இழுக்காத நாய்

எங்கள் ஸ்பானியல் நாய் என்னைக் கீழே தள்ளியது பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில். மீன் வாசனைக்கு ஒரே பாய்ச்சல். கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்த நான் நடைபாதை விளிம்பில் முகம் குப்புற விழுந்தேன். உதடு கிழிந்தது, முன்பல் பாதியாக உடைந்தது. வாயெல்லாம் ரத்தத்தோடு வந்து நின்றவளைப் பார்த்து என் கணவர் சொன்னார், "இன்னொரு தடவ இழுத்துதுன்னா யாருக்காவது குடுத்துடுவேன். ரெண்டு போடு, வழிக்கு வரும். அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொல்லியிருக்கா."

அந்தப் பழமொழியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்லித்தான் என் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். அடிக்காமல் பழக்கிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

நாய் இழுத்தால் நான் மரம்போல் நின்றுவிடுவேன். கயிறு தளர்ந்தால்தான் அடுத்த அடி. தெருநாய் குரைத்தால் என் இடது காலை ஒட்டி உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒரு துண்டு பனீர், எங்கள் வீட்டில் கோழி வேகாது. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். நாயை ஓங்கி அறையத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மழைக்காலம் முடிவதற்குள் அது ராஜா மாதிரி நடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலையில் ஊரூர் குப்பத்துச் சந்து முனையில் தெருநாய்கள் கூட்டமாக வந்தன. என் நாய் உடனே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. முதலில் வந்த தெருநாய் அதன் நீளக் காதைக் கவ்வி உலுக்கியது. காது பாதிவரை கிழிந்து தொங்கியது. இன்னொன்று தொடையில் பல்லை இறக்கியது. செருப்பைக் கழற்றிக் கண்மண் தெரியாமல் அடித்தேன், உதைத்தேன். என் கெண்டைக்காலிலும் விழுந்தது ஒரு கடி. அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா தராசுத் தட்டோடு ஓடி வந்து ஒன்றின் மண்டையில் போட்டார்.

"கயித்த உடு மா. அது ஓடிப் பொழச்சிக்கும்."

விட்டேன். ஓடு, ஓடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது ஓடவில்லை. தொடையில் தொங்கிய நாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து, என் இடது காலை ஒட்டி மறுபடி உட்கார்ந்தது.

கடைசி நாயையும் விரட்டிவிட்டு அந்த அம்மா மூச்சு வாங்கினார். "இன்னா நாயி மா இது. அதுங்க கடிக்கச் சொல்லோ உன் மூஞ்சியே பாத்துக்கினு கீது."

இருவருக்கும் ஊசி, அதற்குக் காதிலும் தொடையிலும் தையல். புண் ஆறியதும் நானே அதற்கு ஓடக் கற்றுக்கொடுத்தேன். இப்போது வாசற்கதவைத் திறந்தால் போதும், இழுத்துக்கொண்டு பறக்கிறது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். கணவர் பழைய பாட்டை ஆரம்பித்தார்.

"குடுக்கறதுன்னா என்னையும் சேர்த்துக் குடுத்துடுங்கோ," என்றேன்.

அத்தனை பல்லுக்கு நடுவில் என்னை நம்பித்தான் அது உட்கார்ந்திருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.