அப்புறக்காவின் நாற்காலி

எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்பதால் அவளுக்கு அப்புறக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. "உன்னைத்தான் கட்டிக்குவேன்" என்று ஒருவன் வந்து நின்றபோதும் அதையேதான் கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்துவிட்டுப் போனான். ஒரு வாரம் கழித்து, "அப்புறம் சமையல நான் பாத்துக்கறேன்" என்று பதிலோடு வந்தான். இன்றைக்கும் அந்த வீட்டில் கரண்டி அவன் கையில்தான்.

அவள் கையில் சுத்தியல். புது கான்கிரீட் கூரை இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்கும் கம்பங்களுக்கு முட்டு என்று பேர். முட்டு கொடுப்பதும் பிரிப்பதும் அவள் வேலை. செங்கல் சுமக்க வந்தவள், இருபது வருஷத்தில் பதினோரு ஆம்பளைகளுக்குத் தலைவி. முதலில் முணுமுணுத்தவர்கள், அவள் முட்டு கொடுத்த கூரை எதிலும் மயிரிழை விரிசல்கூட இல்லை என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று, முந்நூறு பேர் உட்காரும் பெரிய கூடத்துக்குக் கூரை போட்டு எட்டாம் நாள். முட்டு பதினாலு நாள் நிற்க வேண்டும். காண்ட்ராக்டர் லாரியோடு வந்து குதித்தார்.

"முட்டெல்லாம் பிரிச்சு ஏத்தும்மா. நாளைக்கு அடுத்த கட்டடத்துல கான்கிரீட்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்! கூரை கல்லு மாதிரி இருக்கு, தட்டிப் பாரு."

"மேல அப்படித்தான் சார் இருக்கும். உள்ள இறுக இன்னும் ஆறு நாள் வேணும்."

"அப்போ அடுத்த கட்டடம் உனக்கில்ல. ஒரு வருஷ வேலை. யோசிச்சுக்க."

பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கும் பயம்தான். தலையாட்டினால் வருஷம் முழுக்க எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியும். கூரை இன்றைக்கு விழாமலும் போகலாம். மெல்லத் தொய்யும், விரிசல் விடும், தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். எல்லாரும் மறந்த பிறகு ஒருநாள் விழும். அன்றைக்குக் கீழே இருக்கப்போவது காண்ட்ராக்டர் இல்லை. அதை நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

சுத்தியலை எடுத்தாள். அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவளோ வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, கூடத்தின் நட்டநடுவில் போட்டுத் தூசி தட்டினாள்.

"பிரிக்கறேன் சார். நீங்க இதுல உக்காருங்க."

"எதுக்கு?"

"கல்லு மாதிரி இருக்குன்னீங்களே. ஒரு மணி நேரம்தான். டீ சொல்றேன்."

காண்ட்ராக்டர் நாற்காலியைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அடிக்காத போனில் "ஹலோ" சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார். வாசலுக்குப் போன பிறகுதான் வீரம் வந்தது. "இனிமே என் வேலைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!" காலி லாரி அவர் பின்னாலேயே போனது.

நாற்காலியில் அவளே உட்கார்ந்து டீ குடித்தாள்.

"ஒரு வருஷ வேலை போச்சேக்கா," என்றான் கூட்டத்தில் ஒருவன். "அப்புறம்?"

அவளிடமே யாரும் அதைக் கேட்டதில்லை. சிரித்துவிட்டாள்.

"அப்புறம், ஆறு நாள் கழிச்சுப் பிரிப்போம். அதுவரைக்கும் நாற்காலி இங்கயே கிடக்கட்டும். நடுவுல யாராவது பிரிக்க வந்தா, அவங்கள அனுப்பினவரைக் கூட்டிட்டு வந்து உக்காரச் சொல்லு."