இது என் குரல் இல்ல, அங்கிள்

பம்பாயிலிருந்து மாதிரி இசைத்தட்டு வந்த அன்று எங்கள் டெல்லி ஸ்டுடியோவில் லட்டு வாங்கி வைத்திருந்தார்கள். சிந்தசைசரும் டிரம் மெஷினுமாக வாசிக்கும் உள்ளூர் பேண்டின் முதல் சிங்கிள் அது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. நாங்கள் சரியென்றால் அச்சடித்து வெளியிட்டுவிடுவார்கள். நான் அங்கே சவுண்ட் இன்ஜினியர். பாடியவள் கிட்வாய் நகர் தமிழ்ப் பெண் வசந்தா.

பேட்டரி பிளேயரில் போட்டோம். பேண்ட் பையன்கள் எழுந்து ஆடினார்கள். வசந்தா லட்டைத் தொடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், இது என் குரல் இல்ல. யாரோ சின்னப் பொண்ணு பாடுறா."

முதலாளி மெஹ்ராஜி சிரித்தார். "அச்சா ஹை! தேஸ் கானா, தேஸ் பிக்ரி!" பாட்டு வேகமாக இருந்தால் விற்பனையும் வேகமாக நடக்குமாம். பையன்களும் அவர் பக்கம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ரெக்கார்டிலேயே தன் குரல் இல்லையென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

என் மண்டைக்குள் வண்டு குடைய ஆரம்பித்தது. பம்பாய்க்கு நகல் அனுப்பிவிட்டு மாஸ்டர் டேப்பை நாங்களே வைத்திருந்தோம்; அன்று சாயங்காலம் அதை ஓட்டினேன். வசந்தாவேதான். மறுநாள் காலை அதே டேப்பை ஓட்டினால், சின்னப் பொண்ணு! ஃப்ரீக்வென்சி மீட்டரை மாட்டியதும் திருடன் அகப்பட்டான். சாயங்காலம் ஊரே கூலர் போடும்போது கரண்டின் ஃப்ரீக்வென்சி விநாடிக்கு ஐம்பதுக்குக் கீழே இறங்குகிறது. எங்கள் டேப் மோட்டார் அதை நம்பி ஓடுவது, அதுவும் மெதுவாகிவிடும். அப்படிப் பதிந்த குரலை ஃப்ரீக்வென்சி சரியாக இருக்கும் காலையிலோ, பம்பாயிலோ ஓட்டினால் சுருதி ஏறித்தானே கேட்கும்? நாங்கள் பாட்டைப் பதிவு செய்ததெல்லாம் சாயங்காலத்தில்.

"பின்னே இத்தனை பெரிய ஸ்டெபிலைசர் எதற்கு?" என்று மெஹ்ராஜி இந்தியில் கத்தினார். அது வோல்டேஜை மட்டும்தான் பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மெஹ்ராஜி ரேடியோ விளம்பரங்களுக்குப் பேசுகிறவர். தன் கட்டைக் குரல்மேல் மனிதருக்கு அப்படியொரு காதல். சாயங்காலம் அவரை நாலு வரி பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். காலையில் போட்டுக் காட்டினேன்.

"யே கௌன் ஹை?" யார் இந்த ஆள் என்று கேட்டார்.

நீங்கள்தான் என்றேன்.

உடனே பம்பாய்க்கு டிரங்க் கால் போடச் சொன்னார். மீட்டர் காட்டிய அளவுக்கு டேப்பை மெதுவாக ஓட்டி அங்கே புதுத் தட்டு வெட்டினார்கள்.

ரெக்கார்டு கடைக்கு வந்துவிட்டது என்று எங்களுக்கே தெரியாது. வசந்தாவின் அம்மா சரோஜினி நகரில் துணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாராம். எதிர்க்கடை ஸ்பீக்கரில் பாட்டு. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, "பையா, வோ மேரி வசந்தா ஹை!" அது என் வசந்தா என்று கடைக்காரரிடம் கத்தியிருக்கிறார். இதைச் சொல்ல வந்தபோது வசந்தாவே லட்டு வாங்கி வந்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, மீட்டர் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் பாடியவர் 'இது நான் இல்லை' என்றால், மீட்டரைத் தேடுவதற்கு முன்பே நம்பிவிடுங்கள்.