டிரைவர் வளர்த்த விடைக்கோழிகள்

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவரை ஒரே காலையில் இறக்கிவிட்டார்கள். கண் டாக்டர் ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டி, "நடுவுல என்ன தெரியுது?" என்று கேட்டார். "கொஞ்சம் அழுக்கா இருக்கு, துடைக்கச் சொல்லுங்க" என்றார் டிரைவர். சுவரில் அழுக்கு எதுவும் இல்லை. அழுக்கு அவர் கண்ணில் இருந்தது. பார்க்கிற எதன் நடுவிலும் ஒரு சாம்பல் கறை. ஓரங்கள் மட்டும் துல்லியம். ஆளைப் பார்த்தால் காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. மருந்து ஊற்றினால் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை போன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. யாராவது "டிரைவரே" என்று கூப்பிட்டால் குத்திக் காட்டுவதாகத் தோன்றியது. வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டு எடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மகள் கண்ணாடிக் கடையில் விற்பனைப் பெண். இரண்டு பேரும் காலையில் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை வீட்டில் ரேடியோவும் அவரும்தான். ஆறு மாசத்தில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

கோழி யோசனை ரேடியோவிலிருந்துதான் வந்தது. முட்டைக்கோழி வளர்ப்பு பற்றி யாரோ பேசினார். கொல்லைப்புறத்தில் குளியலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே நாலடி அகலத்தில் நீளமாக ஓர் இடம் சும்மா கிடந்தது. டிரைவர் எழுந்து போய் அதைக் காலடியால் அளந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பன்னெண்டு கோழி தாராளமா நிக்கும்" என்றார். என்ன ஏது என்று தெரியாமலே மனைவி, "நிக்கட்டுமே" என்றாள். அவராக வாயைத் திறந்ததே அவளுக்குப் பெரிய விஷயம்.

பழப்பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து தடவித் தடவி ஆணி அடித்தார். நாலு தடவை கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். கம்பி வலை, குறுக்கே உட்கார ஒரு கழி, முட்டை போட மூன்று தடுப்புப் பெட்டி, அதில் மரத்தூள். கூண்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. "வளைவுல திரும்புற பஸ் மாதிரி இருக்குப்பா" என்று மகள் சொன்னபோது அவரும் சிரித்தார்.

கோழிக்காரன் வேனில் கொண்டுவந்து இறக்கினான். எல்லாம் செம்பழுப்பு நிறம். குஞ்சுமில்லாமல் கோழியுமில்லாமல், முட்டையிடப் பருவம் வருகிற விடைக்கோழிகள் என்று சொன்னான். "பதினெட்டு வாரம் முடிஞ்சாச்சு சார். மூணே வாரம். அப்புறம் நீங்க பொறுக்கி மாளாது." டிரைவர் ஒன்றைத் தூக்கி எடை பார்த்தார். கனமாக இருப்பதுபோல்தான் இருந்தது. அதற்கு முன் அவர் உயிருள்ள கோழியைத் தூக்கியதே இல்லை.

அன்றிலிருந்து மனுஷன் மாறிப்போனார். விடிந்ததும் தண்ணீர் மாற்றுவார், எச்சத்தை வழிப்பார், தீவனம் வைப்பார். முட்டைக்கோழிக்கு முட்டைக்கோழித் தீவனம்தானே என்று அந்த மூட்டையையே வாங்கினார். முட்டை ஓட்டுக்கு உறுதி வேண்டும் என்று சிப்பித்தூளையும் கைநிறைய அள்ளி அதில் கலந்தார். கறைக்கு வெளியே ஓரக்கண்ணில் கோழிகளைப் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்து நிற்பார். கோழிகளும் தலையைச் சாய்த்து அவரைப் பார்க்கும். "இதுங்களுக்கும் எனக்கும் ஒரே பார்வை" என்று மனைவியிடம் சொன்னார்.

தெருவுக்கும் வர ஆரம்பித்தார். டிப்போவுக்கே போய்விட்டார் ஒரு நாள். அவரோடு பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் போன கண்டக்டர் ஒருவர் உண்டு. யாருக்கும் மீதி கொடுக்காததால் அவருக்கு 'சில்லறை' என்றே பேர். "இன்னும் மூணு வாரம், சில்லறை. வந்து பாரு. உன் வீட்டுக்கு முட்டை நான்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று வாரம் போனது. நாலாவது வாரம் ஒரு கோழி மூலையில் சுருண்டு உட்கார்ந்தது. வெள்ளையாகக் கழிந்தது. மறுநாள் செத்துக் கிடந்தது. அடுத்த நாள் இன்னொன்று. டிரைவர் கூண்டுக்கு முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி வேலைக்கு லீவு சொல்லி, செத்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே கம்பவுண்டர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன போடுறீங்க?" என்று கேட்டார். சொன்னாள்.

"யாரும்மா முட்டைத் தீவனம் போடச் சொன்னது? பதினாலு வாரம் இருந்தா அதிகம். அதுல இருக்கிற சுண்ணாம்பே இந்த வயசுக்குத் தாங்காது, சிறுநீரகம் போயிடும். இதுல சிப்பித்தூள் வேறயா?"

"விக்கும்போதே பதினெட்டுன்னு சொன்னானே."

"பத்து வாரத்துக் குஞ்சை வித்திருக்கான். வளர் தீவனம் போடுங்க. இன்னும் ரெண்டு மாசத்துக்கு முட்டையை நினைக்காதீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் யோசித்தாள். கண்ணு தெரியாததால் ஏமாந்தீர்கள், தவறான தீவனத்தை உங்கள் கையாலேயே போட்டீர்கள் என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? வாசலிலேயே நின்றிருந்தவரிடம், "வெக்கைதானாம். கொஞ்ச நாளைக்கு வேற தீவனம் மாத்திப் போடச் சொன்னாங்க" என்றாள். தலையை ஆட்டினார். கூண்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டார். கோழிகள் பிழைத்தன. பத்து மிச்சம்.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூபத்தில் வந்தது. சில்லறையும் டிப்போ ஆட்கள் மூன்று பேரும் கோழி பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். முந்தின நாள் முழுக்க டிரைவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார். "வேண்டாம்னு சொல்லிடவா? சிரிப்பாங்க" என்று மனைவியிடம் கேட்டார். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. மறுநாள் காலையில் அவள் இரண்டு ஸ்டாப் தள்ளியிருந்த கடைக்கு நடந்தாள். இந்த இனம் பழுப்பு முட்டைதான் இடும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். பக்கத்துக் கடையில் வெள்ளைதான் இருக்கும். மூன்று பழுப்பு முட்டை வாங்கி, ஓட்டின் மேலிருந்த கம்பெனி மை முத்திரையை ஈரத்துணியால் தேய்த்து, மரத்தூளில் வைத்துவிட்டாள்.

டிப்போ ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போதே டிரைவர் உள்ளே கைவிட்டார். அப்படியே நின்றார். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சில்லறை ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்ல டிரைவரே, சாதிச்சுட்டீங்க" என்றார்.

ஒரே ஒரு நாளைக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறுநாள் பத்து மணிக்கு அவர் பெட்டியைத் துழாவுவார் என்பதை நினைக்கவில்லை. இன்று வைத்தால் நாளையும் வைக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் மூன்று, சந்தேகம் வராமலிருக்க ஒரு நாள் ஒன்றுமில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் குளியலறைக்குப் போவதுபோல் போய் வைத்துவிட்டு வருவாள். மகள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "இது எங்க போய் முடியும்மா?" என்று கேட்டாள். "நிஜமா போட ஆரம்பிச்சா முடிஞ்சிடும்" என்றாள் அம்மா.

டிரைவர் முட்டைகளை மேல்வீட்டுக்குக் கொடுத்தார், மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்தார், மச்சினிக்குக் கொடுத்தனுப்பினார். "கடை முட்டை வாயில வைக்க முடியுமா இனிமே?" என்று மச்சினி போனில் சொன்னதை நாலு பேரிடம் சொன்னார். ஆறு வாரம் வீட்டில் சிரிப்பு இருந்தது. பொய்யாக இருந்தாலும் இருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம், இதுவரை கேட்காத ஒரு சத்தம் கொல்லையிலிருந்து வந்தது. ஒரு கோழி தொண்டை கிழியக் கொக்கரித்தது. நாய் ஏதாவது புகுந்துவிட்டதோ என்று டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். நாய் இல்லை. வழக்கம்போல் பெட்டிக்குள் கைவிட்டார். கை சட்டென்று பின்னால் வந்தது. மறுபடி விட்டார்.

முட்டை சூடாக இருந்தது. சின்னதாக, லேசான ஈரத்தோடு, உள்ளே யாரோ இருப்பதுபோல் சூடாக.

ஆறு வாரமாக ஒரு முட்டைகூடச் சூடாக இருந்ததில்லை. முட்டை என்றால் குளிர்ந்துதான் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். அவர் தொட்ட முட்டையெல்லாம் கடை முட்டைதானே. காலையில் எடுத்து வைத்திருந்த இரண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துத் தடவினார். அவை பெரிது, வழவழப்பு. ஒன்றில் விரல் நுனிக்கு மை ஒட்டின சொரசொரப்பு. பார்வை போனதிலிருந்து விரலுக்குக் கண் முளைத்திருந்தது. ஆனாலும் இத்தனை நாள் அது பார்க்க விரும்பவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போது மூன்று முட்டையும் மேசையில் இருந்தன.

"இதுல எது நம்ம கோழி போட்டது?" என்று கேட்டார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். சின்ன முட்டையைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். "போட்டுடுச்சா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"அவங்க வந்த அன்னிக்கிலேர்ந்து."

"செத்த ரெண்டு?"

மறைப்பதில் இனிப் பயனில்லை என்று தோன்றியதால், கம்பவுண்டர் சொன்னதையும் சொன்னாள். வயசு, தீவனம், சிப்பித்தூள், எல்லாம். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பார்க்க முடிந்த அளவு.

"குருடன்தானே, என்ன வச்சாலும் எடுப்பான்னு நினைச்சுட்ட."

"ஆறு மாசமா சிரிக்காதவரு நீங்க. சிரிச்சீங்க. அதை நிறுத்த எனக்கு மனசு வரல."

"ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கும். ஏன்னு தெரியாம நானும் கூடச் சிரிச்சிருக்கேன்."

மறுநாள் டிப்போவுக்குப் போனார். சில்லறையைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று பார்த்த முட்டையில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். சில்லறை கொஞ்ச நேரம் சட்டைப் பையைத் தடவினார். "முத்திரை பாதி அழிஞ்சிருந்துச்சு டிரைவரே. வீட்டுல ஏதோ ஆசைக்குப் பண்றாங்கன்னு நாங்களும் விட்டுட்டோம்." நாங்களும். அந்தச் சொல்லோடு திரும்பி நடந்து வந்தார். பஸ்ஸில் ஏறவில்லை.

கோழிகள் போட்டுத் தள்ளின. ஏழு, எட்டு, சில நாள் பத்தும். டிரைவர் கூண்டைச் சுத்தம் செய்தார், தீவனம் வைத்தார், முட்டையை எடுத்து வைத்தார். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் சூடாகக் கைக்கு வந்தால்தான் எடுப்பார். ஆறிப்போனதை அப்படியே விட்டுவிடுவார், மகள் வந்து எடுப்பாள். மேல்வீட்டு அம்மா "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றால், "எந்தக் கடைன்னு கேக்கலையே?" என்பார். அந்த அம்மா முட்டை கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால்கூடக் காலப்போக்கில் ஆறியிருக்கும். கண் பரிசோதனைக்குப் போய்வந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் மனைவி படித்தாள். "போன தடவை மாதிரியேதான் இருக்காம். கூடலையாம்." டிரைவர் சரி என்றார். மத்தியானம் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் படித்துப் பார்த்து, "அப்படியே இருக்கு சார், கூடல" என்றார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் டிரைவர். கடைக்காரர் இரண்டாம் தடவையும் படித்தார்.

நாலு நாள் கழித்துச் சொட்டு மருந்து வாங்கப் போனவளிடம் கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்: "நீங்க படிச்சது சரிதானான்னு சார் வந்து கேட்டாரு. இப்ப நிம்மதியாயிட்டாரா?"

அவள் வீட்டுக்கு வந்தாள். மருந்தை மேசையில் வைத்தாள். வழக்கமாக அவளே அவர் தலையை நிமிர்த்தி ஊற்றுவாள். அன்று ஊற்றவில்லை.

"ஒரு பொய் சொன்னேன். இல்ல, ரெண்டு. அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லியிருக்கலாம், கேட்டுக்கிட்டிருப்பேன். உங்க கண்ணு விஷயத்துல பொய் சொல்வேன்னு நினைச்சுட்டீங்களே. கடைக்காரன் முன்னால நின்னு அதைக் கேட்டுட்டு வரேன்."

அவள் முகம் எப்படியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. காதோரத்து நரைமுடி தெரிந்தது.

அதிலிருந்து அவள் எதையும் படித்துக் காட்டுவதில்லை. தபால் வந்தால் மேசையில் வைப்பாள். சமைப்பாள், துணி துவைப்பாள், அவர் கேட்டால் ஆம் இல்லை என்பாள். முட்டை மட்டும் அவள் தட்டுக்கு வருவதில்லை. மகள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசிப் பார்த்தாள். பிறகு வேலை முடிந்து தாமதமாக வர ஆரம்பித்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஒரு கோழி கழியிலிருந்து இறங்காமல் சுருண்டிருந்தது. டிரைவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொண்டை வெளுத்திருக்கிறதா, கண் மூடியிருக்கிறதா, அவருக்குத் தெரியவில்லை. தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கறை குறுக்கே வந்தது. ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நிஜமாவா?" என்று அவர் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று வாய் மூடுவதற்குள் தெரிந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். "மருந்துக்கடை ஒன்பது மணிக்குத் திறப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. டிரைவர் கோழியை இறக்கி விடவில்லை. மகள் தூங்கி எழுந்து வரட்டும் என்று அதன் முதுகைத் தடவியபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.