நேரில் வந்து வாங்கவேண்டிய கௌரவம்

இன்று கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரியில் நண்பர் ரங்கசாமியைப் பார்த்தேன். ஆயுள் முழுக்கச் செடிகொடிகளை ஆராய்ந்தவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை கௌரவ டாக்டர் பட்டம். இதயம் பழுது, அசைத்தாலே ஆபத்து என்கிறார்கள்.

பல்கலைக்கழகக் குமாஸ்தா வந்திருந்தார்.

"சார் மேடையில ஸ்வல்ப நேரம் நிப்பாராம்மா?"

"உக்காரவே முடியலைங்க. தபால்ல அனுப்பக்கூடாதா?" என்றாள் ரங்கசாமியின் மகள்.

"பரீட்சை எழுதி பாஸானவங்களுக்குத்தான் தபால்ல அனுப்புவோம். கௌரவப் பட்டம்னா நேர்ல வந்தாகணும், அதான் ரூல்ஸ். முடியலைன்னா விடுங்கம்மா, சர்க்கரை மில் முதலாளி ஒருத்தர் ரெடியா இருக்காரு."

ரங்கசாமி கண்ணைத் திறந்தார்.

"என் கோட்டு எங்கேம்மா?"

மகள் அசையவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கௌரவம் ஆளைக் கொல்லாமல் வந்து சேர வழி தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.