நோட்டீசு கேட்ட அம்மா

கண்ணுகளா, தொண்ணூறுகளில் காங்கேயம் பக்கம் நான் அரசு ஜீப் ஓட்டினேன். சாலையை அகலப்படுத்த ஒரு மேய்ச்சல் காட்டை அளக்கப் போனோம். வேலிக்குள் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான ஒல்லியான ஓர் அம்மா, கன்றுக்குட்டியைக்கூட "வாங்க சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேலியை வெட்டிட்டு வண்டியை உள்ளே விடப்பா," என்றார் கூட வந்த அதிகாரி என்னிடம்.

"ஏனுங்க, நோட்டீசு எங்கீங்க?" என்றார் அந்த அம்மா.

"வக்கீலுக்குப் படிச்சீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. பக்கத்துக் காட்டுக்காரரே கேட்டுட்டுத்தான் உள்ள வருவாருங்க. சர்க்காருக்கு மட்டும் தனிச் சட்டமுங்களா?"

அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். ஒரு மாதம் கழித்து நோட்டீசோடு போனோம். அந்த அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தானே வேலிப் படலைத் திறந்தார்.

காட்டில் பாதி சாலைக்குப் போய்விட்டது. ஆனாலும் சர்க்கார் அவரைக் கேட்டுத்தான் உள்ளே வந்தது. அந்த ஜீப்பை ஓட்டியவன் உங்கள் அப்பன்.