வாசலில் நின்றுபோன பாட்டு

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் அவளைத்தான் தேடுவார்கள். ஃபிரேமை மாட்டிவிட்டு ஓரடி பின்னால் போய்ப் பார்ப்பாள். மூக்கை அழுத்தினாலோ காதை உரசினாலோ உடனே கழற்றிவிடுவாள். “இது வேணாங்க, வலிக்கும்.” ஆனால் அழகாக இருக்கிறதா என்று கேட்டால் மட்டும், “நீங்களே பாத்துச் சொல்லுங்க, போட்டுக்கப் போறது நீங்கதானே” என்பாள். கண்ணாடிக்கார அக்கா என்றே அவளுக்குப் பேர் நிலைத்துவிட்டது.

அவள் கணவர் வயலின் ஆசிரியர். வீட்டு முன்னறையில்தான் வகுப்பு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பை நிறுத்திவிட்டு, சமையலும் துணி துவைப்பதும் அவரே பார்ப்பார். பாட்டு என்று வந்தால்தான் ஆள் மாறிவிடுவார்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு படப் பாட்டைப் பாடினாள். “குடை கொண்டா, குடை கொண்டா, நனையுறதுக்குள்ள கொண்டா!” அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“இதெல்லாம் ஒரு பாட்டா? மெட்டுன்னு ஒண்ணு இருக்கா இதுல? ரசனையக் கொஞ்சம் வளத்துக்கோ.”

அவள் சிரித்து மழுப்பினாள். அதன்பிறகு அவர் காதுபட எதையும் பாடியதில்லை. அவர் வாசிக்கும்போது மட்டும் தவறாமல் உட்கார்ந்து கேட்பாள். மனைவிக்குத் தன் வாசிப்பென்றால் உயிர் என்று அவரும் எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

மகள் வளர்ந்து, வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு அது நடந்தது. கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு நாக்கு குழறியது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சீக்கிரம் சேர்த்ததால் கையும் காலும் மெல்ல வழிக்கு வந்தன. பேச்சுதான் வரவில்லை. அடுத்தவர் சொல்வதெல்லாம் புரியும்; தான் சொல்ல வேண்டியது நுனி நாக்குவரை வந்து வழுக்கிவிடும். தண்ணீர் வேண்டுமென்றாலும் “அது... அது...” என்று கையை ஆட்டிக் கண் கலங்குவாள்.

பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் ஒரு வழி சொன்னாள். “சிலருக்குப் பேச்சு வராட்டியும் பாட்டு வரும் சார். இவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எது?”

அவர் உடனே வயலினை எடுத்து, தனக்கு மிகவும் பிடித்த நீண்ட உருப்படி ஒன்றை உருகி உருகி வாசித்தார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

“இதுன்னா இவளுக்கு உசிரு.”

“அவங்களே சொல்லியிருக்காங்களா சார்?”

அவர் யோசித்துப் பார்த்தார். அவளைக் கேட்டதாகவே நினைவில்லை.

அன்று மாலை மகள் போனில் முகம் காட்டிப் பேசினாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். “என்னப்பா நீங்க? அம்மாவுக்குக் குடைப் பாட்டுதான். அதப் பாடித்தான் எனக்குச் சோறே ஊட்டுவாங்க. நீங்க வெளிய போனதும் வீட்டுல கச்சேரியே நடக்கும்!”

“அந்தக் கண்றாவியா?”

மகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அம்மாவைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாள். “குடை கொண்டா, குடை கொண்டா...”

“நனையுறதுக்குள்ள கொண்டா!” என்றாள் அவள். முழுசாக, திக்காமல். சொல்லிவிட்டு, யாரோ பேசியதுபோல் திரும்பிப் பார்த்தாள். போனுக்குள் மகள் அழுதாள். அவர் தன் கையில் வயலின் வில் இருப்பதையும் மறந்து அதனாலேயே கண்ணைத் துடைக்கப் போனார்.

மறுநாளே அந்தப் பாட்டைக் காதால் கேட்டு வயலினில் பிடித்தார். பயிற்சிப் பெண் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மாற்றினாள். கொஞ்ச நாளில் உள்ளறையிலிருந்து “தண்ணி கொண்டா, தண்ணி கொண்டா” என்று பாட்டு வரும். முன்னறையில் பாதி வகுப்பில் எழுந்து ஓடுவார். மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

மெட்டு இல்லாமலே அவளுக்குச் சொற்கள் வரத் தொடங்கியபோது, அவர் மனதிலிருந்ததைச் சொல்லிவிட்டார்.

“பொய் சொல்ல எனக்கு வரல. இப்பவும் அது மோசமான பாட்டுதான். நடுவுல பாடறவருக்குச் சுருதி விலகுது.”

“ஆமா... விலகும்.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும். அந்த எடத்துலதான்... சிரிப்பு வரும். அதான்... பிடிக்கும்.”

 குறை காதில் விழாததால்தான் அவளுக்கு அது பிடிக்கிறது என்று இத்தனை காலம் அவர் நினைத்திருந்தார். அவளோ அதே குறையைக் கேட்டுத்தான் மகிழ்ந்திருக்கிறாள். பாட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. அவளைப் பற்றிச் சொன்னது?

“ரசனைய வளத்துக்கோன்னு சொன்னேனே, அது தப்பும்மா.”

அவள் தலையசைத்தாள். பிறகு விரலை உயர்த்தி, நிதானமாக, இன்னொன்றும் சொன்னாள். “உங்க அந்த... நீளப் பாட்டு... தூக்கம் வரும்.”

“ஏய், அது உண்மையிலேயே நல்ல இசை!”

“நல்லதுதான். தூக்கமும்... வருது.”

நோய் வந்தபின் அவள் தொடுத்த முதல் வாதம் அது. தோற்றவர் அதைச் சந்தோஷமாக மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இப்போது அவள் பாதி நேரம் கடைக்குப் போகிறாள். வாரம் ஒருமுறை இருவரும் பயிற்சி மையத்துக்குப் போகிறார்கள். அவளைப் போலப் பேச்சு இழந்தவர்கள் கூடிப் பாடுகிறார்கள். அவர் வயலின் வாசிக்கிறார். போன வாரம் புதிதாகச் சேர்ந்த குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டின் பேரைச் சொல்ல முடியாமல் தவித்தார். வயலின்காரர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பேரு கிடக்கட்டும் அண்ணே. சும்மா ‘ம்ம்’னு இழுங்க, நான் பிடிச்சுக்கறேன்.”